கழுத்தைப் பார்த்து வாங்குங்கள்: முதல் பேஸ் கிட்டார்



இந்த மாதப் பாடத்தின் தலைப்பைப் பார்த்ததும் சிலர், "என்ன பாஸ்டர், கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்பீர்கள். கடை வைக்கவில்லை. ஆனால் கடந்த ஒரு வருஷத்தில் நாலு வீட்டார் என்னிடம் வந்து கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பையன் பேஸ் கிட்டார் வேணும்கிறான். கையில கொஞ்சம்தான் இருக்கு. எதை வாங்குறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இப்போது எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வாங்கப் போகிற பிள்ளைகள் மட்டுமல்ல, பணம் கொடுக்கப் போகிற தகப்பனும் தாயும் இதை வாசிக்க வேண்டும்.

லூக்கா 14:28ல் கோபுரம் கட்ட நினைக்கிற மனுஷனைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். கல்லைத் தூக்குவதற்கு முன்னே உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவனே புத்திமான். பேஸ் கிட்டாருக்கும் அதே கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கில் பணம் ஒரு பாதிதான். மறு பாதி, எதைப் பார்த்து வாங்குவது என்கிற அறிவு. அந்த அறிவு இல்லாமல் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு அட்டைத் துண்டு

1998ல் எனக்கு 19 வயசு. பேஸ் வாங்க வேண்டும் என்று ஒரே வைராக்கியம். நான் சேர்த்து வைத்திருந்தது 2,700 ரூபாய். அம்மா தன் காதுக் கம்மலை அடகு வைத்து 1,500 கொடுத்தார்கள். ஆக 4,200 ரூபாயோடு பஸ் ஏறி ஒரு பெரிய ஊர்க் கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். சுவரில் சிவப்பாக, கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு ஒன்று தொங்கியது. எடுத்துப் பார்க்கவும் இல்லை, வாசித்துப் பார்க்கவும் இல்லை. "அண்ணே, அதைக் கட்டுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து அழுத்தினால் கம்பி இறங்கவே இல்லை. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். விரல் நுனி வெடித்து ரத்தம் வந்தது. நாலு மாதம் போராடினேன். கடைசியில் அதைப் பீரோ மேலே தூக்கி வைத்துவிட்டு, "எனக்கு அந்த வரம் இல்லை" என்று முடிவு பண்ணிவிட்டேன். அம்மாவும், "சரி விடுடா, எல்லாருக்கும் எல்லாம் வருமா?" என்றார்கள். வட்டி கட்ட முடியாமல் கம்மல் அடகிலேயே மூழ்கிப்போனது.

பதினோரு வருஷம் கழித்து, 2009ல், எழுப்புதல் கூட்டத்துக்கு மைக் செட் போட வந்த ஒரு அண்ணன் அதைக் கீழே இறக்கித் தூசி தட்டினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நெடுகப் பார்த்தார். பிறகு கழுத்தையும் உடம்பையும் சேர்க்கிற நாலு திருகாணியைக் கழற்றி, ஒரு பழைய விசிட்டிங் கார்டைக் கத்தரித்து, அந்தப் பள்ளத்தின் உள்ளோரத்தில் சின்னத் துண்டாக வைத்து, மறுபடி முடுக்கினார். கம்பியை ஏற்றினார். என் கையில் கொடுத்தார். அழுத்தினேன். இறங்கியது!

கழுத்து உட்காருகிற கோணம் ஆரம்பத்திலிருந்தே தப்பு. கால் மணி நேர வேலை. குற்றம் என் விரலில் இல்லை, வரத்திலும் இல்லை. அன்றைக்கு நான் அழுதேன். அதைக் கேட்க அம்மா இல்லை. 2006லேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்கள்.

பிரியமானவர்களே, இந்தப் பாடம் முழுக்க நான் சொல்ல வருவது இதுதான்: பணம் குறைவாக இருப்பது குறையல்ல. பார்க்காமல் வாங்குவதுதான் குறை. பேஸ் கிட்டாரில் ஒளித்து வைக்க எதுவும் இல்லை. பார்க்கத் தெரிந்தவனுக்கு எளிய விலையிலும் நல்லது கிடைக்கும்.

1. பேஸ் என்பது என்ன?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம், ஃபுல்லர்டன் என்ற ஊரில் லியோ ஃபெண்டர் என்று ஒருவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அந்நாட்களில் பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கிற பெரிய டபுள் பேஸ்தான். தூக்கிக்கொண்டு போவது கஷ்டம். டிரம்ஸ் சத்தத்தில் அது கேட்காது. அதில் ஃப்ரெட் கிடையாது என்பதால் விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் சுருதி போய்விடும். 1951ல் ஃபெண்டர் ஒரு பலகையை வெட்டி, அதிலே ஃப்ரெட் பதித்த கழுத்தைத் திருகாணியால் மாட்டி, மின்சாரத்தில் ஒலிக்கிற பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுருதி துல்லியமாக வரும் என்பதால் அதற்குப் 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயர். 1960ல் 'ஜாஸ் பேஸ்' வந்தது. இன்றைக்கும் கடையில் தொங்குகிற பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் சாயல்தான்.

கவனியுங்கள்: ஒரு பலகை, ஒரு கழுத்து, நாலு கம்பி, ஒன்றோ இரண்டோ பிக்கப். அவ்வளவுதான். வீணை மாதிரி குடத்தில் நாதம் பிறக்கிற கருவி அல்ல இது. ஆகவே நுட்பமான மரவேலை இல்லாமலே நல்ல பேஸ் செய்ய முடியும். இன்றைக்குக் கணினி இயக்குகிற இயந்திரங்கள் மரத்தை வெட்டுவதால், இந்தோனேஷியாவிலும் சீனாவிலும் செய்யப்படுகிற குறைந்த விலைப் பேஸ்கள், நான் 1998ல் வாங்கியதைவிட எவ்வளவோ மேல்.

நாலு கம்பிக்கும் பெயர், தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. சாதாரண கிட்டாரின் தடித்த நாலு கம்பிகளுக்கும் இதே பெயர்தான். ஆனால் பேஸ் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். அதன் ஈ கம்பி வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. காதால் கேட்பதைவிட நெஞ்சில் உணர்கிற ஓசை அது.

2. நூறு ரூபாயைப் பங்கிடுதல்

கையில் இருக்கிற பணம் எவ்வளவானாலும் அதை நூறாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸுக்கு 70.
வீட்டில் கேட்டுப் பழகுவதற்கு 15.
ஸ்ட்ராப், கேபிள், உறை இவற்றுக்கு 10.
'செட்டப்' செய்ய 5.

15,000 ரூபாய் இருந்தால் பேஸுக்கு 10,500தான். முழுப் பணத்தையும் பேஸிலே கொட்டிவிட்டு, கேபிள் வாங்கக் காசில்லாமல் மூலையில் சாத்தி வைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் நிற்கிற அந்த 5 ரூபாயை அற்பமாக நினைக்காதீர்கள். செட்டப் என்றால் கழுத்தின் வளைவு, கம்பியின் உயரம், சுருதி மூன்றையும் வாசிக்கிறவன் கைக்கு ஏற்றபடி சரிசெய்வது. தையல்காரர் அளவெடுத்துச் சட்டை தைக்கிற மாதிரி. என் அட்டைத் துண்டு அந்த 5 ரூபாய்க்குள் அடங்குகிற காரியம்!

இன்னொன்று. தவணையிலும் கடனிலும் முதல் பேஸ் வாங்க வேண்டாம். இரண்டு மாதம் பொறுத்தால் பணம் சேரும். கடனில் வாங்கிய கருவியை மாதா மாதம் பார்க்கும்போது வாசிக்கிற சந்தோஷம் போய்விடும்.

3. கடையில் ஏழு பரிசோதனைகள்

வெட்கப்படாதீர்கள். தேங்காயையே தட்டிப் பார்த்து வாங்குகிற நாம், பத்தாயிரம் ரூபாய்ப் பொருளைத் தட்டிப் பார்க்கக் கூடாதா? ஒரு சின்ன ஸ்கேல், சுருதி பார்க்கிற ட்யூனர் உள்ள போன், முடிந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவர். இந்த மூன்றோடு போங்கள்.

அ. எடை. ஸ்ட்ராப் மாட்டி எழுந்து நில்லுங்கள். பேஸ் பொதுவாக நாலு கிலோ பக்கம் இருக்கும். பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கையை எடுத்துவிட்டால் தலைப்பக்கம் கீழே சாய்கிறதா? சாய்ந்தால் இடது கை தாங்குகிற வேலையைச் செய்யுமே தவிர வாசிக்கிற வேலையைச் செய்யாது. இரண்டு மணி நேர ஆராதனையில் நிற்கப் போகிறீர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆ. கழுத்து. இதுதான் தலையான பரிசோதனை. தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக் கழுத்து நெடுகப் பாருங்கள், தச்சர் சட்டத்தைப் பார்க்கிற மாதிரி. முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது ஒரு ஓரம் ஏறி மறு ஓரம் இறங்கி இருந்தால், பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். வளைவு என்றால் பயப்பட வேண்டாம். கழுத்துக்குள்ளே ட்ரஸ் ராட் என்கிற இரும்புக் கம்பி ஓடுகிறது. அதைத் திருகி வளைவைச் சரிசெய்யலாம். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவிலே, ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம், ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் போதும். அதிகமாக இருந்தால் கடைக்காரரைத் திருகச் சொல்லுங்கள். திருகியும் மாறவில்லை என்றால் திருப்பி மாட்டிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இ. கம்பியின் உயரம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை வையுங்கள். ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடி வரை, தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு இரண்டு, இதையொட்டி இருந்தால் நல்லது. நாலைத் தாண்டினால் விரல் நோகும். கீழே பிரிட்ஜில் கம்பியைத் தாங்குகிற சின்னத் துண்டுகளுக்குச் சேடில் என்று பெயர். அவற்றின் திருகாணியைத் திருகினால் கம்பி இறங்கும். சேடில் ஏற்கெனவே அடியோடு ஒட்டிக் கிடந்தும் கம்பி உயரமாக நிற்கிறதா? என் கதைதான் அது! அதைச் சரிபண்ணிக் கொடுத்த பிறகு பணம் கொடுங்கள்.

ஈ. ஒவ்வொரு ஃப்ரெட்டும். 20 ஃப்ரெட், நாலு கம்பி. ஆக 80 இடம். ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. எங்கேயாவது 'ஸ்ர்ர்' என்று இரைகிறதா? அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டில் ஒரே சத்தம் வருகிறதா? வந்தால் ஒரு ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஜி கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கும் ஏழாம் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஏதாவது ஒரு இடத்தில் நாதம் கொஞ்சம் சீக்கிரம் அடங்கலாம். விலை உயர்ந்த பேஸ்களிலும் அது உண்டு. அதற்காக ஒதுக்க வேண்டாம். கழுத்தின் இரு ஓரத்திலும் கையை ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் முனை கையைக் கீறக் கூடாது.

உ. சுருதி. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு ஓசை வரும். ஹார்மோனிக் என்பார்கள். அதையும், அதே இடத்தில் அழுத்தி மீட்டிய ஓசையையும் ட்யூனரில் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறி நின்றால் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், இறங்கி நின்றால் முன்னுக்கு. இது சரிசெய்யக்கூடியதுதான். ஒரு உபாயம்: தடித்த கம்பியின் அடி ஓசையைச் சில போன்கள் பிடிக்காது. அப்போது ஹார்மோனிக்கை வைத்தே சுருதி சேர்க்கலாம்.

ஊ. தலையில் உள்ள கீ. நாலையும் திருகிப் பாருங்கள். வழுவழுவென்று திரும்ப வேண்டும். ஆடக் கூடாது. சுருதி சேர்த்து ஐந்து நிமிஷம் வாசித்துவிட்டு மறுபடி பாருங்கள். புதுக் கம்பி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பழைய கம்பியும் நிற்காமல் இறங்கினால் கீ சரியில்லை.

எ. மின்சாரம். ஆம்ப்பில் மாட்டி ஒவ்வொரு குமிழையும் மெல்லத் திருப்புங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் தூசியாக இருக்கலாம், தேய்ந்தும் இருக்கலாம். கேபிளை ஆட்டும்போது ஓசை விட்டு விட்டு வந்தால் ஜாக் பழுது. ஜாஸ் பேஸ் சாயலில் உள்ளவற்றில் ஒரு பிக்கப் மட்டும் வைத்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும், இரண்டையும் முழுக்கத் திறந்தால் அடங்கும். அது இயல்பு, பழுதல்ல.

4. எதை வாங்கலாம்?

பெயர் சொல்லுங்கள் பாஸ்டர் என்பீர்கள். சொல்கிறேன், ஆனால் பெயரைப் பார்த்து ஏழு பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். ஆரம்பிக்கிறவர்களுக்கென்று யமஹாவில் டி.ஆர்.பி.எக்ஸ். 174, ஐபனேஸில் ஜி.எஸ்.ஆர். 200, ஃபெண்டரின் குறைந்த விலைப் பிரிவான ஸ்குவயர், கார்ட் கம்பெனியின் ஆக்ஷன் பேஸ் இவை தெரிந்த பெயர்கள். அதற்கும் குறைவாக வேண்டுமானால் கொல்கத்தாவின் கிவ்ஸன் போன்ற நம் நாட்டுக் கம்பெனிகள் உண்டு. அவற்றில் ஒன்று நன்றாக இருக்கும், அதே மாடலில் பக்கத்தில் இருக்கிறது சுமாராக இருக்கும். மூன்றை இறக்கச் சொல்லி மூன்றையும் பரிசோதியுங்கள்.

நாலு கம்பியா, ஐந்தா? நாலு போதும். ஐந்து கம்பியில் கழுத்து அகலம், எடை அதிகம், கம்பி விலையும் அதிகம். முதல் வருஷத்தில் அந்த ஐந்தாவது கம்பி பெருவிரலை வைக்கிற திண்ணையாகத்தான் இருக்கும்.

ஆக்டிவா, பாஸிவா? ஆக்டிவ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி உண்டு. கேபிள் சொருகி இருக்கும் வரைக்கும் பேட்டரி கரையும். ஆராதனை நடுவில் பேட்டரி தீர்ந்தால் ஓசை நின்றுபோகும். முதல் பேஸுக்குப் பாஸிவ் நல்லது. செலவும் இல்லை, தலைவலியும் இல்லை.

சின்னக் கைகளுக்கு: வழக்கமான பேஸில் கம்பி ஒலிக்கிற நீளம் 34 அங்குலம். 30 அங்குலத்திலும் வருகிறது. பத்து பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு அது எட்டும். சின்னது என்பதால் விளையாட்டுச் சாமான் என்று நினைக்காதீர்கள். பீட்டில்ஸ் என்ற குழுவைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகப் பாட்டு என்று ஒதுக்கிவிடாமல் இந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பால் மெக்கார்ட்னி 1961ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் ஊரில் தன் முதல் பேஸைத் தேடியபோது, ஃபெண்டர் சுமார் 100 பவுண்டு. அவருக்குக் கட்டுப்படியானது 30 பவுண்டு. அந்த விலையில் வயலின் வடிவத்தில் இருந்த ஹோஃப்னர் பேஸை வாங்கினார். அது 30 அங்குலப் பேஸ்தான். அதை வைத்துத்தான் உலகம் முழுக்கக் கேட்ட பாட்டுகளுக்கு வாசித்தார். 1972ல் திருடுபோன அந்தப் பேஸ், திரும்பக் கிடைத்த செய்தி 2024ல் வந்தது. அதற்குள் அவர் எத்தனையோ விலை உயர்ந்தவற்றை வாங்கியிருப்பார். ஆனாலும் பணமில்லாத நாளில் வாங்கினதைத்தான் தேடினார்கள்!

தங்கைகளுக்கு: "பொம்பளப் பிள்ளைக்கு இது வருமா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில். அமெரிக்காவில் கேரல் கே என்ற பெண் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். 1963ல் ஒரு நாள் ஒலிப்பதிவுக்குப் பேஸ் வாசிப்பவர் வரவில்லை. "நீ எடுத்து வாசி" என்றார்கள். எடுத்தவர் ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் வாசித்தார். நம் சபையிலும் வாசிக்கலாம்.

பழையது வாங்கலாமா? தாராளமாக. சிலர் ஆசையில் வாங்கி ஆறு மாதத்தில் விற்பார்கள். ஏழு பரிசோதனையோடு இன்னும் இரண்டு செய்யுங்கள். தலையும் கழுத்தும் சேருகிற இடத்தில் உடைந்து ஒட்டின கோடு இருக்கிறதா பாருங்கள். ட்ரஸ் ராட் திருகுகிற முனை மழுங்கிப் போயிருக்கிறதா பாருங்கள். போனில் படம் பார்த்து வாங்குவதானால், திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். வந்த அன்றைக்கே ஏழையும் பரிசோதித்துவிடுங்கள். படத்தில் நிறம் தெரியும், கழுத்து தெரியாது.

5. எதில் கேட்பது?

வீட்டில் பழக 10, 15 வாட் பேஸ் ஆம்ப் போதும். அதுவும் கட்டவில்லை என்றால் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கிற சின்ன ஆம்ப் உண்டு. அக்கம்பக்கத்தாருக்கும் சமாதானம். சாதாரண கிட்டார் ஆம்ப்பில் பேஸை மாட்டி முழுச் சத்தம் வைக்காதீர்கள். ஸ்பீக்கர் கிழியும்.

சபையில் பேஸுக்கென்று தனி ஆம்ப் இல்லாவிட்டால், பேஸிலிருந்து நேரே மிக்ஸரில் சொருகுவதைவிட நடுவில் டி.ஐ. பாக்ஸ் வைப்பது நல்லது. பாஸிவ் பேஸின் ஓசை மங்காமல் போய்ச் சேரும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்வோம். சுவரில் தொங்குகிற காலம் ஸ்பீக்கர்கள் பிரசங்கத்துக்காக வைத்தவை. அவற்றில் அடி ஓசை முழுசாக வராது. "பேஸ் கேட்கல, கூட்டு" என்று குமிழைத் திருகிக்கொண்டே போனால் பேஸ் வராது, ஸ்பீக்கர்தான் போகும்.

கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இத்தனை நாள் உங்கள் இடது கை பேஸ் வேலையையும் சேர்த்துச் செய்தது. பேஸ் வந்த பிறகு இடது கையைக் கொஞ்சம் மேலே எடுங்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் மிதித்தால் சேறுதான் மிஞ்சும்.

6. வாங்கின பிறகு

வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடையுங்கள். நம் ஊர் வியர்வையும் கடற்காற்றும் கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். பேஸ் கம்பி விலை அதிகம். அடிக்கடி மாற்ற முடியவில்லையே என்று கலங்க வேண்டாம். டெட்ராய்ட் நகரத்தில் மோடவுன் கம்பெனியின் ஒலிப்பதிவுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தால் ஒழியக் கம்பி மாற்றமாட்டார் என்பார்கள். வலது கையில் ஒரே ஒரு விரலால்தான் மீட்டுவார். பேஸ் வாசிக்கிறவர்கள் இன்றைக்கும் அவர் வாசித்ததைக் கேட்டுப் படிக்கிறார்கள்.

வெயிலில் காரிலோ, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணிலோ வைக்காதீர்கள். கழுத்து வளையும். பழைய கதை வேண்டாம்.

முதல் மூன்று மாதம் கார்டின் மூல சுரத்தை மட்டும் வாசியுங்கள். டி வந்தால் டி, ஏ வந்தால் ஏ. டிரம்ஸின் கால் அடியோடு சேர்ந்து விழட்டும். நம்முடைய அநேகப் பாட்டுகளுக்கு அதுவே போதும்.

ஒரு தாயின் 15,000 ரூபாய்

போன வருஷம் நம் சபையில் தையல் வேலை செய்கிற ஒரு சகோதரி, சீட்டு எடுத்த 15,000 ரூபாயோடு வந்தார்கள். "பாஸ்டர், நீங்களே கூடப் போய் வாங்கிக் குடுங்க" என்றார்கள். பணத்தைக் கையில் வாங்கினபோது எனக்கு அந்தக் கம்மல் ஞாபகம் வந்தது.

தம்பியோடு கடைக்குப் போனேன். அவன் கண்ணும் நேரே சிவப்பின்மேல்தான் போனது! எடுத்துக் கழுத்தைப் பார்த்தோம். முறுக்கல். "கலர் நல்லாருக்கே பாஸ்டர்" என்றான். "கலரை யாருடா அழுத்தப் போறா?" என்றேன். முகம் வாடிவிட்டது. இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினோம். சாயங்காலம் ஒரு பழைய பழுப்பு நிறப் பேஸ் கிடைத்தது, 9,000 ரூபாய்க்கு. ஓரத்தில் வண்ணம் உரிந்திருந்தது. கழுத்து நேர். 80 இடத்திலும் ஓசை சுத்தம். மீதிப் பணத்தில் சின்ன ஆம்ப், ஸ்ட்ராப், கேபிள், செட்டப் எல்லாம் முடிந்து, தாயாரிடம் 1,800 ரூபாய் திருப்பிக் கொடுத்தோம். வழி நெடுக அவன் பேசவில்லை. வீட்டுக்குப் போய் அழுத்திப் பார்த்தவன் ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணினான்: "பாஸ்டர், கம்பி இறங்குது."

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிறு ஆராதனையில் முதல்முதலாக வாசித்தான். முடிந்ததும் தாயார் என்னிடம் வந்து, "பாஸ்டர், இவன் வாசிச்சது எது? எனக்குத் தனியா ஒண்ணும் கேக்கலையே" என்றார்கள். அடுத்த வாரம் பாட்டு நடுவில் அவனை நாலு வரிக்கு நிறுத்தச் சொன்னேன். பாட்டு காற்றில் தொங்குகிற மாதிரி ஆகிவிட்டது. மறுபடி அவன் சேர்ந்ததும் தரையில் கால் ஊன்றியது. பெண்கள் வரிசையில் அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் மகனின் சத்தம் எது என்று தெரிந்துவிட்டது.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

1. கையில் உள்ள பணத்தை நூறாகப் பங்கிட்டீர்களா? செட்டப்புக்கு 5 எடுத்து வைத்தீர்களா?
2. வளைந்த கழுத்துக்கும் முறுக்கின கழுத்துக்கும் வித்தியாசம் என்ன? எது தீரும், எது தீராது?
3. சேடில் அடியோடு இறங்கியும் கம்பி உயரமாக நின்றால் என்ன செய்வீர்கள்?
4. நாலு கம்பிப் பாஸிவ் பேஸ் ஆரம்பத்துக்கு ஏன் நல்லது?
5. பெற்றோருக்கு: "உனக்கு இது வராது" என்று சொல்வதற்கு முன் கருவியை யாரிடமாவது காட்டினீர்களா?
6. உங்கள் வீட்டுப் பீரோ மேலே ஏதாவது ஒரு கருவி தூசி படிந்து கிடக்கிறதா? இந்த வாரம் அதை இறக்கிக் கொண்டுவாருங்கள். கழுத்தைப் பார்ப்போம்.